லேடி என்றால் மாவு பிசைபவள்

படித்துப் பார்க்காமல் ஒரு தாளையும் கூடையில் விரிக்க மாட்டார் ரொட்டியக்கா. கடைகளுக்குப் போக வேண்டிய பிளாஸ்டிக் கூடைகள் வரிசையாக வாய் பிளந்து கிடக்கும். வண்டிக்காரர் வாசலில் ஹாரனை அழுத்திக்கொண்டே இருப்பார். இவரோ பழைய பேப்பர் கடையிலிருந்து வந்த கட்டைப் பிரித்து, ஒவ்வொரு தாளாகக் கண்ணுக்கு நேரே பிடித்து, ஒரு பத்தியாவது வாசித்த பிறகுதான் கூடையின் அடியில் போடுவார். தொடர்கதையின் ஒற்றைப் பக்கம் ஏதாவது கிடைத்துவிட்டால் வண்டிக்காரர் பாடு திண்டாட்டம்தான். "இருங்க, இந்தப் பொண்ணுக்குக் கல்யாணம் ஆச்சா இல்லையான்னு பாத்துட்டு வரேன்" என்பார். அந்தப் பக்கத்தில் அது இருக்காது. "ஆயிருக்கும். இவ்வளவு அழுதவளுக்கு ஆகாமப் போயிடுமா" என்று தாமே முடித்துவைத்து, அந்தப் பெண்ணின் கண்ணீர் மேல் இருபது ரொட்டிகளை அடுக்குவார்.

பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்போடு நின்றவர். மீதிப் படிப்பெல்லாம் இந்தக் கூடைகளின் அடியில்தான். தேர்தல் முடிவுகள், மூட்டுவலிக்கு மருந்து, ஏதோ ஒரு நாட்டின் ஏற்றுமதிப் பட்டியல், யாரோ யாருக்கோ எழுதிய மன்னிப்புக் கடிதம் என எல்லாமே அவர் தலைக்குள் துண்டு துண்டாக இருக்கும். எந்தப் பேச்சை எடுத்தாலும் அவருக்கு நடுப்பகுதி தெரியும். தொடக்கமும் முடிவும் தெரியாது.

நான் பேக்கரிக்கு எதிர்வீட்டு மாடியில் குடியிருக்கிறேன். பத்திரிகைகளுக்கு எழுதிப் பிழைப்பவன். ரொட்டி வேகும் வாசனைதான் எனக்கு அலாரம். ஆறு மணிக்கு இறங்கிப்போய் ஒரு ரொட்டி வாங்கிக்கொண்டு, பின்பக்கக் கதவருகே நின்று ரொட்டியக்கா வேலை செய்வதைச் சற்று நேரம் வேடிக்கை பார்ப்பேன். வயது நாற்பத்தெட்டு. குள்ளமான உருவம். வலது முன்கை இடதைவிடப் பருமன். சட்டைக்கு அளவெடுக்கும்போது தையல்காரர் இரண்டு கைகளையும் தனித்தனியாக அளப்பாராம். கைக்கடிகாரத்தைக் கழற்றி ஏப்ரன் கயிற்றில் முடிந்திருப்பார். பிசையும் மேசை எந்தக் காலத்திலோ ஒரு நெட்டை மனிதருக்காகச் செய்தது. ஆகவே ஒரு கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் ஏறி நின்றுதான் வேலை. "நம்ம பேச்செல்லாம் மேடை போட்டுத்தான்" என்பார்.

மாவைச் சுற்றும் இயந்திரம் ஒன்று உண்டு. எட்டு நிமிஷம் உறுமிவிட்டு ஓய்ந்துவிடும். அது கலக்கும், பிசையாது என்பது இவர் கட்சி. தொட்டியிலிருந்து மாவு மேசைக்கு வந்ததும் அதனோடு பேச்சுவார்த்தை தொடங்கும். இறுகி நின்றால் "இன்னும் முறைக்குது" என்பார். ஒட்டிக்கொண்டு வழிந்தால் "ரொம்பக் குழையுது, கடன் கேக்க வந்தவன் மாதிரி" என்பார். உள்ளங்கையின் அடிப்பாகத்தால் தள்ளி, மடித்து, கால்வட்டம் திருப்பி, மறுபடி தள்ளுவார். கடைசியில் எலுமிச்சை அளவு உருண்டையைக் கிள்ளி எடுத்து, இரண்டு கைகளாலும் மெல்ல இழுத்து, தலைக்கு மேல் எரியும் பல்புக்கு நேரே பிடிப்பார். கிழியாமல் விரிந்து, அதன் ஊடே வெளிச்சம் தெரிந்தால் சரி. "பல்பு தெரிஞ்சா பாஸ்." கிழிந்தால் மாவுக்கு இன்னும் பத்து நிமிஷம் தண்டனை.

அந்தச் செவ்வாய்க்கிழமை நான் போனபோது அவர் மேசையருகே இல்லை. எனக்காகப் பின்கதவிலேயே நின்றுகொண்டிருந்தார். வந்ததும் வராததுமாக மாவுக்கையால் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"எழுத்துக்காரரே, லேடின்னா என்ன அர்த்தம்?"

பெண்மணி என்றேன். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, சீமாட்டி என்றும் சேர்த்துக்கொண்டேன்.

"தப்பு" என்றார். விடைத்தாளில் வாத்தியார் சிவப்பு மையால் போடும் தப்பு மாதிரி இருந்தது அது.

ஏப்ரன் பையிலிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்து நீட்டினார். கல்லூரித் தேர்வுக்கான வினா விடைப் புத்தகம் ஒன்றிலிருந்து கிழிந்து வந்த பக்கம். ஆங்கில மொழியின் வரலாறு பாடம். பதினான்காம் வினா, ஐந்து மதிப்பெண்: ‘லேடி’ என்னும் சொல்லின் தோற்றத்தை விளக்குக. கீழே விடை. பழைய ஆங்கிலத்தில் அந்தச் சொல் ‘ஹ்லேஃப்டியே’ என்று வழங்கியதாம். முதல் பாதிக்கு ரொட்டி என்று பொருள். பின்பாதிக்குப் பிசைபவள் என்று பொருள். ஆகவே ரொட்டி மாவு பிசைபவள் என்பதே இச்சொல்லின் முதற்பொருளாகும். அதற்கடுத்து ‘மேலும்’ என்று ஒரு சொல். அத்தோடு தாள் கிழிந்திருந்தது.

நான் படித்து முடிப்பதற்குள் அவர் எனக்கே அதை ஒப்பித்துவிட்டார். எனக்கு முன்னால் அடுப்புக்காரர், வண்டிக்காரர், தட்டுக் கழுவும் இரண்டு பெண்கள், தண்ணீர் மீட்டர் பார்க்க வந்தவர் ஆகிய அனைவரும் கேட்டிருந்தார்கள். அவர் குதிகாலை ஊன்றி நிற்கவே இல்லை. கூடை மேல் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தார். "பத்தொம்பது வருஷமா நான் லேடி. ஒருத்தர் வாயத் தொறந்து சொல்லல பாருங்க." அன்று காலை மாவுக்குக் கிடைத்த அடி கொஞ்சநஞ்சமல்ல. அன்றைய ரொட்டி பஞ்சு போல இருந்தது என்பதையும் நான் இங்கே பதிவு செய்ய வேண்டும்.

வீட்டிலும் சொல்லியிருக்கிறார். கணவர் ஒரு வங்கியின் ஏ.டி.எம். வாசலில் காவலாளி. சாப்பிட்டுக்கொண்டே கேட்டுவிட்டு, நாளைக்கு நெருப்புக்கோழின்னா நான்தான்னு எந்தப் பேப்பர்லயாவது போட்டிருப்பான் என்றாராம். வாழ்க்கையில் பெரிதாக எதற்கும் ஆச்சரியப்படாத மனிதர் என்று கேள்வி.

அந்த வாரமே இன்னொரு தாள் வந்தது. இது பழைய பேப்பர் கட்டோடு வரவில்லை. அறிவிப்புப் பலகையில் வந்தது.

பேக்கரி இரண்டு தெரு தள்ளிப் புதிய கட்டடத்துக்குப் போகப்போகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். யார் யார் எந்தப் பதவியில் அங்கே போகிறார்கள் என்று சின்ன முதலாளி பட்டியல் போட்டிருந்தார். சின்ன முதலாளி என்பவர் பெரிய முதலாளியின் மகன். மேலாண்மை படித்துவிட்டு வந்தவர். கெட்டவர் இல்லை, எதையும் கட்டம் போட்டுத்தான் பார்ப்பவர். பட்டியலில் அடுப்புக்காரர் இருந்தார், கேக் மாஸ்டர் இருந்தார், வண்டிக்காரர் இருந்தார். கடைசிக் கட்டத்தில் மூன்று பெயர்கள். பதவி: உதவியாளர். அடிக்குறிப்பு: உதவியாளர்கள் அனைவரும் அடுத்த மாதம் முதல் ஆள் அனுப்பும் ஏஜென்சியின் பொறுப்பில் சேர்க்கப்படுவர். ஏஜென்சி அவர்களை எங்கு வேண்டுமானாலும் அனுப்பும். இன்று கிடங்கு, நாளை ஆஸ்பத்திரி வராந்தா, நாளை மறுநாள் எதுவுமில்லை.

மூன்று பெயர்களில் முதலாவது ரொட்டியக்காவுடையது. மற்ற இரண்டும் தட்டுக் கழுவும் பெண்களுடையவை.

அவர் அந்தத் தாளையும் வழக்கம்போல் மேலிருந்து கீழ்வரை வாசித்தார். பிறகு திரும்பி வந்து கூடை மேல் ஏறிப் பிசைந்தார். அன்று மாவோடு பேச்சில்லை. பல்புக்கு நேரே பிடித்துப் பார்க்கவும் இல்லை. நான் ரொட்டியை வாங்கிக்கொண்டு மாடியேறிவிட்டேன். ஏறும்போதே எனக்குக் கொதித்தது. மாவு பிசைகிறவர் இல்லாமல் ஒரு ரொட்டிக்கடையைப் புதுக் கட்டடத்துக்கு மாற்றுவது, அடுப்பை விட்டுவிட்டுப் புகைபோக்கியை மட்டும் தூக்கிக்கொண்டு போவது போலத்தான்.

மறுநாள் அவர் பழையபடி இருந்தார். கண் கொஞ்சம் சிவந்திருந்தது, அவ்வளவுதான். எனக்கு எப்போது ஓய்வு என்று கேட்டார். பெரிய நூலகத்துக்குப் போகவேண்டும், ஆங்கிலம் வாசிக்க ஆள் வேண்டும் என்றார். எனக்குப் புரியவில்லை. வேலையே போகும் நேரத்தில் நூலகம் எதற்கு?

"அந்த ‘மேலும்’ என்னன்னு பாக்கணும்" என்றார். "சின்னவர்கிட்டப் பேசப்போறேன். அவர் படிச்சவர். நான் பாதி தெரிஞ்சுக்கிட்டுப் போய் வாயத் தொறந்து, ‘மேலும்’க்கு அப்பறம் ‘ஆனால்’னு ஒண்ணு இருந்துச்சுன்னா என்ன பண்றது?"

நாற்பத்தெட்டு வயதுவரை எல்லாவற்றையும் நடுவில் படித்து நடுவிலேயே விட்டவர், முதன்முறையாக ஒன்றின் முடிவைப் பார்க்கக் கிளம்பினார்.

வார விடுமுறையன்று பஸ்ஸில் போனோம். கடிகாரம் அன்று மணிக்கட்டில் இருந்தது. நகங்களின் இடுக்கில் ஒட்டியிருந்த மாவை ஊக்கால் சுரண்டிச் சுத்தம் செய்திருந்தார். நூலகத்தின் பார்வை நூல் பிரிவில் கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்ட ஓர் அம்மாள் இருந்தார். உள்ளே போக விண்ணப்பம் நிரப்ப வேண்டும் என்றார். பெயர், முகவரி, வயது என்று மளமளவென்று எழுதிக்கொண்டு வந்த ரொட்டியக்கா, ‘தொழில்’ என்ற இடத்தில் பேனாவைத் தூக்கிவிட்டார்.

"தொழில்னா ரெஜிஸ்டர்ல எழுதி வச்சிருக்கறதா, நான் செய்யறதா?"

நூலக அம்மாள் நிமிர்ந்து பார்த்தார். பல வருஷமாக அந்தப் படிவத்தைக் கொடுத்துக்கொண்டிருப்பவர். இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை போலும். "நீங்க செய்யறதுதாங்க" என்றார்.

மாவு பிசைபவர் என்று எழுதினார் ரொட்டியக்கா. ஒவ்வோர் எழுத்தையும் பிரித்துப் பிரித்து, அழுத்தி எழுதியதில் அடுத்த தாளிலும் பதிந்தது.

அந்த அகராதி பல தொகுதிகளாக ஒரு சுவரையே அடைத்துக்கொண்டு நின்றது. எங்களுக்கு வேண்டிய தொகுதியை நான் இழுப்பதற்குள் அவரே அதைத் தூக்கி, இடது கைக்கும் வலது கைக்கும் மாற்றிப் பார்த்துவிட்டு, நாலு கிலோ தேறும் என்று மேசையில் வைத்தார். நான் பக்கத்தைத் தேடினேன். அவர் என் தோளுக்கு மேல் நின்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். சொல் கிடைத்தது. ரொட்டி கிடைத்தது. பிசைவதற்கான வேர் கிடைத்தது. என்ன விஷயம் என்று கேட்டுக்கொண்டே நூலக அம்மாளும் வந்துவிட்டார்.

நான் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். முதல் பாதி ரொட்டி என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. பின்பாதி, பிசைவதைக் குறிக்கும் ஒரு பழைய வேரிலிருந்து வந்ததாகக் கருதப்படுகிறது. அதே வேரிலிருந்துதான் பிசைந்த மாவைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் வந்திருக்கிறது. ஆனால் இந்தச் சேர்க்கைச் சொல் அக்கம்பக்கத்து மொழிகள் எதிலும் இல்லை. ஆகவே அறிஞர்கள் கொஞ்சம் ஜாக்கிரதையாகத்தான் பேசுகிறார்கள்.

"கருதப்படுகிறதுன்னா?" என்றார்.

அநேகமாக அப்படித்தான் என்று அர்த்தம், சத்தியம் செய்ய மாட்டார்கள் என்றேன். அவர் பயந்த ‘ஆனால்’ இதுதானோ என்று எனக்கு உள்ளூரக் கலக்கம்.

அவர் சற்று யோசித்தார். "நேர்மையாத்தான் எழுதியிருக்கான். நானும் ரொட்டி நல்லா வரும்னு சொல்லுவேனே தவிர, சத்தியம் பண்ண மாட்டேன்."

‘மேலும்’ என்பதற்குப் பிறகு என்ன இருந்திருக்கும் என்று அரை மணி நேரத்தில் தெரிந்துவிட்டது. இதற்கு ஜோடியாக இன்னொரு சொல் உண்டு. ‘லார்டு’ என்றால் பிரபு. அது ‘ஹ்லாஃப்வேர்ட்’ என்ற பழைய சொல்லின் தேய்ந்த வடிவம். ரொட்டியைக் காப்பவன் என்று பொருள். ரொட்டியக்கா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "காவக்காரரா? எங்க வீட்டுக்காரரும் காவக்காரர்தான். என்ன, ரொட்டிக்கு இல்ல, ஏ.டி.எம்.முக்கு. அதனாலதான் இன்னும் பிரபு ஆகல."

நூலக அம்மாளுக்கும் இப்போது பிடித்துக்கொண்டது. தம் மேசையில் காத்திருந்தவர்களை அப்படியே விட்டுவிட்டு அலமாரிகளுக்கிடையே ஓடி, பழைய ஆங்கிலத்துக்கென்றே உள்ள தனி அகராதி ஒன்றைக் கொண்டுவந்தார். அதில் இன்னொன்று அகப்பட்டது. ‘ஹ்லாஃப்ஏட்டா.’ ரொட்டி தின்பவன். அந்த வீட்டை அண்டியிருந்து சாப்பிடும் ஆள். மூன்று தலைகள் ஒரே பக்கத்தின் மேல் முட்டிக்கொண்டன. அடுத்த மேசைக்காரர் உஷ் என்றார். நூலகத்தில் உஷ் சொல்ல வேண்டியவரே எங்களோடு சேர்ந்து சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்.

"காக்கறவன், பிசையறவ, திங்கறவன்" என்று விரலை மடக்கினார் ரொட்டியக்கா. "ஒரு குடும்பமே உள்ள இருக்கே."

தமிழில் இப்படி ஏதாவது உண்டா என்று கேட்டார். நூலக அம்மாள் தமிழ் அகராதியைப் புரட்டி மடை என்ற சொல்லைக் காட்டினார். பழந்தமிழில் சமையல், சோறு என்று அதற்குப் பொருள். சமையல்காரனுக்கு மடையன் என்று பெயர். இதைக் கேட்டதும் ரொட்டியக்கா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். அங்கே மாவு பிசைந்தவள் சீமாட்டி, இங்கே சோறு வடித்தவன் மடையன். நல்லவேளை, நான் அந்தப் பக்கம் பொறந்த வார்த்தை என்றார். திட்டும் மடையன் வேறு, சமைக்கும் மடையன் வேறு வேரில் வந்தவர்கள் என்று நூலக அம்மாள் விளக்கப் பார்த்தார். எடுபடவில்லை.

என் பங்குக்கு நானும் ஒன்று கண்டுபிடித்தேன். அந்தப் பிசையும் வேர் இன்னும் ஆழமாகப் போகிறது. லத்தீனில் அது உருவாக்குதல், வனைதல் என்றாகி, அங்கிருந்து கதையைக் குறிக்கும் ‘ஃபிக்‌ஷன்’ என்ற சொல்லாகவும் வந்து சேர்ந்திருக்கிறது என்கிறார்கள். ரொட்டியக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அப்ப நீங்களும் பிசையறவர்தானா. சொல்லவே இல்ல."

பக்கங்களைப் பிரதி எடுத்துத் தரச் சொன்னார். ஒவ்வொன்றிலும் நூலக முத்திரை வேண்டும் என்றார். முத்திரை இல்லாத தாளைச் சின்னவர் நம்ப மாட்டார். நூலக அம்மாள் முத்திரையை மையில் ஒற்றி, மேசை அதிரும்படி மூன்று முறை குத்தினார்.

மறுநாள் பத்து மணிக்கு, இரண்டாவது சுற்று ரொட்டி அடுப்புக்குப் போன பிறகு, முதலாளி அறைக்குப் போனோம். நான் எதற்கு என்று கேட்டதற்கு, தாளைப் பிடித்துக்கொண்டு நில்லுங்கள், பேச்சை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். பெரிய முதலாளி ஓரத்து நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். இப்போதெல்லாம் நிர்வாகத்தில் தலையிடுவதில்லை என்று எல்லோரிடமும் சொல்வார். தினமும் வந்து உட்கார்ந்துவிடுவார். சின்னவர் மடிக்கணினிக்குப் பின்னால் இருந்தார்.

நான் பிரதிகளை நீட்டப் போனேன். ரொட்டியக்கா கண்ணாலேயே தடுத்தார். லேடி பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பட்டியலில் தம் பெயருக்கு நேரே உள்ள பதவியைப் பற்றி ஒரு சந்தேகம் என்று ஆரம்பித்தார். சின்னவர் பொறுமையாகவே பதில் சொன்னார். ரெஜிஸ்டரில் பத்தொன்பது வருஷமாக அப்படித்தான் இருக்கிறது, தாம் புதிதாக எதையும் எழுதவில்லை, உதவியாளர்களை ஏஜென்சிக்கு மாற்றுவது பொதுவான முடிவு, தனிப்பட்ட முறையில் யார் மேலும் குறையில்லை.

"சரிங்க" என்றார் ரொட்டியக்கா. "யாருக்கு உதவியாள்?"

"மாவு மாஸ்டருக்கு."

"எந்த மாஸ்டருக்கு?"

சின்னவர் கணினியில் தேடினார். மேலே போனார், கீழே வந்தார். ரெஜிஸ்டரைக் கொண்டுவரச் சொல்லிப் புரட்டினார். அந்த மாஸ்டர், அதாவது நெட்டை மேசைக்குச் சொந்தக்காரர், வேலையை விட்டு மகள் வீட்டோடு போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. அவருக்குப் பதில் யாரையும் வைக்கவில்லை. வைக்க வேண்டிய தேவை வரவில்லை. ரொட்டி வந்துகொண்டுதான் இருந்தது.

"பதினோரு வருஷமா இல்லாத ஆளுக்கு உதவி பண்ணிட்டு இருக்கேன்" என்றார் ரொட்டியக்கா. "இது அவருக்கே தெரியாது."

பெரிய முதலாளி பேப்பரை மடித்து மடியில் வைத்தார். சின்னவரின் காது நுனி சிவந்துவிட்டது. அப்படியானால் உங்களை என்னவென்று போடுவது என்று கேட்டார். உண்மையாகவே தெரியாமல் கேட்டார் என்றுதான் நினைக்கிறேன்.

இப்போதுதான் அவர் என் பக்கம் கையை நீட்டினார்.

சின்னவர் ஆங்கிலத்திலேயே படித்து வளர்ந்தவர். முதல் தாளை அலட்சியமாகத்தான் வாங்கினார். பாதியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். இரண்டாவது தாளை என் கையிலிருந்து அவரே பறித்தார். "அப்பா, லார்டுன்னா ரொட்டியக் காப்பாத்தறவராம்" என்று பள்ளிக்கூடத்திலிருந்து ஓடிவந்த பிள்ளை மாதிரி சொன்னார். பெரியவர் நாற்காலியில் ஒரு சாண் உயர்ந்தார். நானா என்று கேட்டு, தாளை வாங்கிக் கண்ணாடி போட்டுக்கொண்டு முத்திரையை முதலில் பார்த்தார். பிறகு, அது சரி, இவன் யார் என்று மகனைக் காட்டினார்.

ரொட்டியக்கா தரையைப் பார்த்தார். "அது வேண்டாங்க."

பெரியவர் விடுவதாக இல்லை. கடைசியில் நான்தான் சொல்ல வேண்டியதாயிற்று. ரொட்டி தின்பவன். பெரியவர் சிரித்த சிரிப்பில் புரையேறி, தண்ணீர் கொண்டுவர வேண்டியிருந்தது. சின்னவரும் சிரித்தார் என்பதை அவர் பக்கத்து நியாயமாகச் சொல்லிவிடுகிறேன்.

ஆனால் சிரிப்பால் மட்டும் பட்டியல் மாறிவிடாது. யோசித்துச் சொல்கிறேன் என்றார் சின்னவர். மூன்று நாள் ஒரு தகவலும் இல்லை. எனக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. தினமும் காலையில் ரொட்டி வாங்குகிற சாக்கில் பலகையைப் பார்த்துவிட்டு வந்தேன். ரொட்டியக்கா பதறவில்லை. பிசைந்த மாவின் மேல் ஈரத்துணியைப் போர்த்திக்கொண்டே, "பிசைஞ்சு மூடி வச்சாச்சு. இனிமே அதுவா எழும்பணும். சும்மா சும்மா தொறந்து பாத்தா அமுங்கிடும்" என்றார். மாவைச் சொன்னாரா, மற்றதைச் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை.

நான்காம் நாள் அவரைக் கூப்பிட்டார்கள். நடந்ததை அவர் வாயாலேயே கேட்டேன். மாவு மாஸ்டர் என்று போட்டுவிடலாம் என்றிருக்கிறார் சின்னவர். இவர் ஒப்புக்கொள்ளவில்லை. மாஸ்டர் என்ற சொல் எங்கிருந்து வந்தது, அதற்குள் யார் இருக்கிறார் என்று இன்னும் பார்க்கவில்லை; பார்க்காத சொல்லைப் போட்டுக்கொள்ள முடியாது என்றிருக்கிறார். கடைசியில் தலைமை மாவு பிசைபவர் என்று முடிவாகியிருக்கிறது.

எழுந்து வரவேண்டியதுதானே? வரவில்லை. தலைமை என்றால் கீழே ஆள் இருக்க வேண்டும் அல்லவா என்று கேட்டிருக்கிறார். இத்தனை நாள் இல்லாத ஆளுக்கு உதவியாளர் இருந்தார்கள்; இப்போது ஆள் இருக்கிறது, உதவியாளர்களை அனுப்பிவிட்டால் எப்படி? தட்டுக் கழுவும் இரண்டு பெண்களையும் தமக்கு உதவியாக எழுதச் சொல்லியிருக்கிறார். பிசையவும் கற்றுக்கொடுக்கப் போவதாகச் சொல்லியிருக்கிறார். சின்னவர் கட்டங்களை வெட்டி ஒட்டிப் பார்த்துவிட்டுச் சரி என்றாராம். வேறு ஏதாவது உண்டா என்று கேட்டதற்கு, புது மேசை நாலு விரற்கடை உயரம் குறைவாக இருக்கட்டும் என்றிருக்கிறார்.

இதைச் சொல்லி முடித்தபோது அவருக்கு மூச்சு வாங்கியது. கண்கள் பளபளத்தன. புதுப் பட்டியல் பலகைக்கு வந்ததும் மூவரும் கைகோத்துக்கொண்டு போய் நின்று, அடிக்குறிப்புவரை வாசித்தார்கள். அன்று வண்டி இருபது நிமிஷம் தாமதம். வண்டிக்காரர் ஹாரன் அடிக்கவே இல்லை.

கணவர் இந்த முறை ஆச்சரியப்பட்டாராம். சாப்பாட்டுத் தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டு, அந்த லேடி தாளைக் கொடு, நானும் படிக்கிறேன் என்று வாங்கிக்கொண்டாராம்.

புதுக் கட்டடம் திறந்த அன்று என்னையும் அழைத்திருந்தார்கள். வெள்ளைச் சுவர்கள், பெரிய ஜன்னல்கள், எஃகு மேசைகள். வாசலில் எல்லோரையும் வைத்துப் புகைப்படம் எடுக்க ஏற்பாடு. பின்வரிசையில் அடுப்புக்காரர், கேக் மாஸ்டர், வண்டிக்காரர், இரண்டு பெண்கள், சின்னவர். முன்னால் இரண்டே நாற்காலிகள். ஒன்றில் பெரிய முதலாளி உட்கார்ந்தார். மற்றது யாருக்கென்று எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருக்க, பெரியவர் அதன் கையைத் தட்டி ரொட்டியக்காவை அழைத்தார். அவர் மறுத்துப் பார்த்தார். நின்றே எடுத்துக்கொள்கிறேன், பழக்கம்தானே என்றார். பெரியவர் மறுபடியும் தட்டினார்.

வந்து உட்கார்ந்தார். பெரிய இடத்து அறைகளில் நாமெல்லாம் உட்காருவோமே, அப்படி: நாற்காலியின் நுனியில், முதுகு எதிலும் படாமல், எழுந்திருக்கத் தயாராக, இரண்டு கைகளையும் முழங்காலுக்கிடையே சேர்த்துக்கொண்டு. புகைப்படக்காரர் எல்லோரையும் நெருங்கி நிற்கச் சொன்னார். வலப்பக்கம் நகரச் சொன்னார். ரெடி என்று கையைத் தூக்கினார். ரொட்டியக்கா ஒரு நிமிஷம் என்று அவரை நிறுத்தினார். கைகளைப் பிரித்து நாற்காலியின் இரண்டு பிடிகள் மேலும் வைத்தார். பிறகு மெல்லப் பின்னால் நகர்ந்து, நகர்ந்து, முதுகை முழுசாகச் சாய்த்துக்கொண்டார்.